சுட்ட பன்றியைப் புதைக்காதீர்கள், சமைக்கக் கற்றுத் தாருங்கள்

நெகிரி செம்பிலான் மாநிலப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அதிகாரிகளுக்கும், பகாவ் வட்டாரச் செம்பனைத் தோட்ட நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் வட்டாரத் தோட்டங்களில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். அதன் கறியைச் சிலர் தின்கிறார்கள், சிலர் விற்கிறார்கள், சில இடங்களில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். இது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கறியை எங்கே அறுத்தார்கள், எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், கடைசியில் அது யார் வீட்டு அடுப்புக்குப் போனது என்று யாரும் வாய் திறப்பதில்லை. நான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். இப்போது பகாவில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருந்துகொண்டு கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று கூப்பிட்ட வீடுகளுக்குச் சமைத்துப் பிழைக்கிறேன். கறியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

என் கோரிக்கை இதுதான். உரிமத்தோடு முறைப்படி சுடப்படும் காட்டுப்பன்றியை எப்படித் துப்புரவு செய்வது, எப்படிப் பயமில்லாமல் சமைப்பது, எப்படிக் காசு வாங்காமல் பங்கிட்டுக் கொடுப்பது என்று தோட்டத்து மக்களுக்கு நீங்கள் வகுப்பு நடத்த வேண்டும். ஒருநாள் கூட்டம் போட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிற வகுப்பாக இருந்தால் வேண்டாம். கத்தியைக் கையில் கொடுத்துப் பழக்குகிற வகுப்பாக இருக்க வேண்டும்.

இங்கே மட்டும் பன்றி ஏன் இவ்வளவு என்று கோலாலம்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். சிம்பாங் பெர்த்தாங் பக்கத்தில் இருக்கும் பாசோ வனக் காப்பகத்தில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1996இல் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 47 பன்றி, 1998இல் 27. மழைக்காட்டுக்கு இது அளவு மீறிய கூட்டம். காட்டை ஒட்டிச் செம்பனை நிற்கிறது, ஆண்டு முழுவதும் பழம் உதிர்கிறது, பன்றியைப் பிடித்துத் தின்ன அங்கே புலி இல்லை. குட்டி போடும் தாய்ப்பன்றி இளங்கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் கூடு கட்டுவதால் காட்டில் அடுத்த தலைமுறை மரமே குறைகிறது என்றும் அதே ஆய்வில் கண்டார்கள். தோட்டத்தில் நடப்பதைச் சொல்லவே வேண்டாம். மறுநடவு செய்த நிலத்தில் இரவோடு இரவாகக் கன்றைப் பெயர்த்துப் போட்டுக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

2021 பிப்ரவரியில் சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. பிறகு கொஞ்ச காலம் எங்கள் பக்கத்தில் பன்றித் தடத்தைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. இப்போது மறுபடியும் ஆற்றோரத்தில் மண்ணைக் கிளறிய இடங்கள் தெரிகின்றன, துப்பாக்கிச் சத்தமும் கேட்கிறது. பேச வேண்டிய நேரம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

பழைய லயத்தில் பன்றி சுட்டால் அது ஒரு வீட்டுச் சங்கதியாக இருந்ததில்லை. கோயில் பக்கத்து மரத்தடியில் வாழை இலையை வரிசையாக விரிப்பார்கள். ஒவ்வொரு இலையிலும் தொடைக்கறி, விலா எலும்பு, கொழுப்பு, ஈரலில் ஒரு துண்டு என்று எல்லா உறுப்பிலிருந்தும் கொஞ்சம் விழும். ஒரு கூறு நல்ல கறி, இன்னொரு கூறு வெறும் எலும்பு என்று யாரும் மூக்கைச் சிந்தக்கூடாது என்பதற்காக அப்படி. கூறு போட்டவர் கடைசியாக மிஞ்சிய கூறைத்தான் எடுக்க வேண்டும். சுட்டவருக்குத் தலை. புருஷன் இல்லாத வீட்டுக்கும், பிள்ளை பெற்று முப்பது நாள் தாண்டிய பச்சை உடம்புக்காரி வீட்டுக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் கிழவருக்கும் கூறு முதலில் போய்ச் சேர்ந்துவிடும். சாப்பிடாத வீடு எது என்றும் தெரியும், அந்த வாசலுக்கு இலை போகாது.

இதை நல்ல மனசு என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு விருப்பமில்லை. லயத்தில் ஐஸ் பெட்டி கிடையாது. அறுபது கிலோ பன்றி விழுந்தால் எலும்போடு இருபத்தைந்து, முப்பது கிலோ கறி தேறும். அன்றைக்கே பகிராவிட்டால் மறுநாள் நாற்றம். அதனால் பகிர்ந்தே ஆக வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு பெரிய பிரீசர் இருக்கிறது. நாலு பேர் சுட்டு, நாலு பேர் பிரீசரில் அடைத்து, கேட்கிறவர்களுக்கு நிறுத்து விற்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வாசனை மட்டும்தான் போகிறது. அந்தக் கறி எந்த நாள் அறுத்தது, எத்தனை தடவை கரைந்து மறுபடி உறைந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வழக்கம் போனபோது அதோடு சேர்ந்து கைத்தொழிலும் போனது. என்னோடு வேலை செய்யும் இளம்பெண்கள் கோழியைக் கூட வெட்டித் தந்த பையில்தான் பார்த்திருக்கிறார்கள். இளைஞர்களுக்குச் சுடத் தெரிகிறது, வயிற்றைக் கிழிக்கத் தெரியவில்லை.

வயிற்றைக் கிழிப்பதுதான் முழு விஷயமும். நம் ஊர் வெயிலில் செத்த உடம்பு சூடு ஆறாது. குடல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் கிருமி பெருகுகிறது. சுட்ட இடத்திலேயே ரத்தத்தை வடியவிட்டு, குடலில் கத்தி படாமல் வயிற்றைத் திறந்து, மலக்குடலையும் மூத்திரப்பையையும் கட்டி எடுக்க வேண்டும். ஆண் பன்றியாக இருந்தால் விதைகளையும் உடனே அறுத்துவிட வேண்டும். லோரியில் தூக்கிப் போட்டு, டீ குடித்துவிட்டு, நாலு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் பின்னால் அறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாரிட் (தோட்டத்துக் கால்வாய்) தண்ணீரில் கழுவுவதையும் பார்த்திருக்கிறேன். உரமும் களைக்கொல்லியும் ஓடும் பாரிட் அது. நல்ல தண்ணீர் இல்லையென்றால் கழுவாமல் துணியால் துடைத்துக் கொண்டுவருவதே மேல்.

ஈரல் என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். ஆனால் தோட்டத்துப் பன்றியின் ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். செம்பனையில் எலிக்கு மருந்து வைக்கிறார்கள். வார்ஃபரின், புரோடிஃபாகம் என்று ரத்தத்தை உறையவிடாத மருந்துகள் அவை. பன்றி எதையும் தின்னும், மருந்தையும் தின்னும், மருந்து தின்ற எலியையும் தின்னும். அந்த நஞ்சு ஈரலில்தான் போய்த் தங்குகிறது. எந்தப் பிளாக்கில் எப்போது மருந்து வைத்தார்கள் என்பது தோட்ட அலுவலகத்தில் எழுதப்பட்டிருக்கும். நிர்வாகிகளே, அந்தத் தகவலை வேட்டைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. மருந்து வைத்த பிளாக்கில் சுட்ட பன்றியைத் தின்ன வேண்டாம் என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும். அப்படிப்பட்ட பன்றியைப் புதைப்பதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்தது தோட்டா. செனாப்பாங் (வேட்டைத் துப்பாக்கி) குண்டு ஈயம். எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சிதறிக் கறிக்குள் போய்விடும். குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டி எறிய வேண்டும். எங்கள் பெண்களுக்கு மனசு வராது, கறியாயிற்றே என்பார்கள். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். புளி, வினிகர், அசாம் கெப்பிங் என்ற காய்ந்த புளிப்புக்காய்த் துண்டு மாதிரி புளிப்பான எதுவும் ஈயத்தைக் கறிக்குள் கூடுதலாகக் கரைத்துவிடும். காட்டுக்கறி வாடைக்குப் புளி ஊற்றித் தாராளமாகச் சமைக்கிற எங்கள் கைப்பக்குவத்துக்கு இது முக்கியமான செய்தி. இதை வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

கிருமிக்கு வருகிறேன். காட்டுப்பன்றிச் சதையில் திரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். ஐஸ் பெட்டியில் வைத்தால் செத்துவிடும் என்று நம்பக்கூடாது, காட்டு மிருகங்களில் இருக்கும் சில வகை உறைகுளிரையும் தாங்கும். கறியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் சூட்டைத் தொட வேண்டும். சட்டியில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கும் எங்கள் குழம்புக்கு அது பெரிய காரியமில்லை. பயம் எல்லாம் இப்போது பையன்கள் கம்பியில் கோத்துச் சுடும் பார்பிக்யூவில்தான். மேலே கருகியிருக்கும், உள்ளே ரத்தம் நிற்கும். பச்சை ரத்தத்தைத் தொடும் கையில் வெட்டுக்காயம் இருந்தாலும் ஆபத்து. பன்றியிடம் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி மனிதரின் மூளைச் சவ்வைத் தாக்கும், பிழைத்துக்கொண்டவர்களில் பலருக்குக் காது போய்விடுகிறது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் பச்சை ரத்தம் கலந்த உணவால் இது வருகிறது. ஒரு ஜோடி ரப்பர் கையுறை போட்டால் பாதிப் பயம் தீர்ந்தது. எங்கள் ஆட்களில் யார் கையுறை போட்டுப் பன்றி அறுக்கிறார்கள்?

இந்த மாநிலத்தில் பன்றி என்றாலே வயதானவர்கள் முகம் மாறுவதற்குக் காரணம் உண்டு. 1998, 1999இல் நிப்பா கிருமி புக்கிட் பெலண்டோக் பக்கம் பன்றிப் பண்ணைகளைச் சூறையாடியது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான் அந்தக் கிருமிக்கு வந்தது. நாடு முழுவதும் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பண்ணை வேலைக்குப் போன தமிழர் குடும்பங்களுக்கும் அந்த நாட்களின் நினைவு இருக்கிறது. தொடக்கத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்துக்கொண்டிருந்தார்கள். நோய் வந்த உயிருள்ள பன்றியைத் தொட்டுப் புழங்கியதால்தான் தொற்றியது என்று புரிவதற்குள் பல வீடுகள் விளக்கணைந்து போயின. மக்களுக்குச் சரியான தகவல் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இந்த மாநிலத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தள்ளாடுகிற பன்றியைச் சுட்டால் தின்னாதே, செத்துக் கிடக்கிற பன்றியைத் தொடாதே, கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல் என்பது வகுப்பின் முதல் பாடமாக இருக்கட்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு ஒட்டாது என்றாலும், அந்தக் கறிக் கழிவைப் பண்ணைப் பன்றிக்குப் போட்டால் பண்ணையே போய்விடும். எலும்பையும் கழிவையும் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும்.

சமையலுக்கு வந்தால் என் வாய் ஓயாது. காட்டுப்பன்றியை வளர்ப்புப் பன்றி மாதிரி சமைத்தால் செருப்பைக் கடிப்பது போலிருக்கும். ஓடித் திரிந்த சதை, நார் அதிகம், உள்கொழுப்பு குறைவு. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் கவசம் போலத் தடித்த தோல் இருக்கும், அதைக் கழித்துவிட வேண்டும். கறியை மஞ்சள், உப்பு, நசுக்கிய இஞ்சி, இரண்டு தண்டு செராய் (எலுமிச்சைப்புல்) போட்டு முதலில் வேகவைத்து, நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். பிறகு சட்டியில் பட்டை, அன்னாசிப்பூ, சோம்பு, நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, அரைத்த மிளகாய் போட்டு, கறியைச் சேர்த்துச் சிறு தீயில் மூடிவைத்து விடுவேன். மிளகு இறக்கும்போதுதான். குக்கர் வைத்தால் சீக்கிரம் வேகும், ஆனால் பெரட்டலுக்கு அந்தக் கருநிறம் வராது. வயதான பன்றியென்று தெரிந்தால் பப்பாளிக்காயைத் துருவிப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிடலாம். இது எதுவும் ரகசியம் இல்லை. கைமாறிப் போகாமல் என்னைப் போன்ற நாலு கிழவிகளிடம் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வரும். மக்களுக்குக் கறி ருசியைக் காட்டிவிட்டால் வேட்டை பெருகிவிடாதா? நியாயமான கேள்வி. காட்டுப்பன்றி 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம் இல்லாமல் சுடக்கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரமும் செய்யக்கூடாது. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த சிலரும் துப்பாக்கி இல்லாததால் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். கண்ணி பன்றியா புலியா என்று பார்க்காது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் நாட்டில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. பன்றிதான் அதற்குப் பெரிய இரை. அதனால் காட்டு எல்லைக்குள் ஒரு பன்றியும் தொடக்கூடாது, செம்பனை வேலிக்கு இந்தப் பக்கம் பயிரை அழிப்பதை மட்டும் சுட வேண்டும், கண்ணி என்ற பேச்சே கூடாது என்பதில் நான் உங்களைவிடக் கடுமையாக இருக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். திருட்டுக்கறிக்குக் கிராக்கி இருப்பதே முறையான கறி யாருக்கும் கிடைக்காததால்தான். உரிமத்தில் சுட்ட பன்றி காசில்லாமல் வீட்டுக்கு வரும் என்றால் கண்ணிக்காரனிடம் யார் போய் நிறுத்து வாங்குவார்கள்?

வேறு நாடுகளில் இதைச் செய்துதான் இருக்கிறார்கள். ஜப்பானில் வயலை அழிக்கும் காட்டுப்பன்றியையும் மானையும் வீணாக்காமல் உண்பதற்காக 2014இல் அரசாங்கமே சுகாதார வழிகாட்டியை வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வேட்டைக்காரர்கள் தரும் மான் கறியை 1991 முதல் இல்லாதவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே மாநிலத்தில் ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான தெமுவான் மக்கள் இருக்கிறார்கள். ஓராங் அஸ்லி மக்கள் குடும்பத்தின் உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாட 2010ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது, விற்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. கிடைத்ததைக் கூட்டத்துக்கே பங்கிடுவது அவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வகுப்பில் அவர்களை ஆசிரியராக உட்காரவையுங்கள். மரியாதையாகச் சம்பளமும் கொடுங்கள்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களின் மனசும் கோணக்கூடாது. தோட்டத்தில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். எல்லோரும் புழங்கும் பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில் இந்த வகுப்பு வேண்டவே வேண்டாம். தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் தனி கொட்டகை, தனி கத்தி, தனி சட்டி, தனி குழாய். நாங்களே கழுவி, நாங்களே பூட்டி வைப்போம். எங்களிலும் பன்றி தொடாத குடும்பங்கள் உண்டு, கவிச்சியே சேர்க்காத வீடுகளும் உண்டு. அவர்களை யாரும் வற்புறுத்தக்கூடாது. வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் வகுப்பு வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோட்ட நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், நல்ல இளம் பன்றிகளைப் புல்டோசரால் குழி பறித்துத் தள்ளியதைப் பார்த்தவர்கள் என்னிடம் சொன்னார்கள். கறியைக் கொடுத்து யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் பழி நம் தலையில் விழும் என்று மேலாளர் பயந்தாராம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பழைய லயத்தில் மிஞ்சியிருக்கும் கிழவிகள் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கறி விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற வீடுகள் அவை. பயிற்சி பெற்ற நாலு பேர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றால் உங்கள் பயமும் தீரும், அவர்கள் சட்டியும் நிறையும்.

நாங்கள் கேட்பவை பெரிய செலவில்லை. அறுக்க ஒரு கொட்டகை, சிமெண்டுத் தரை, குழாய்த் தண்ணீர், தொங்கவிட ஒரு இரும்புச் சட்டம், கையுறை, நாலு நல்ல கத்தி, உள்சூடு பார்க்க ஒரு குச்சி வெப்பமானி. பெர்ஹிலித்தானிலிருந்து சட்டம் சொல்ல ஒருவர், கால்நடைச் சேவைத் துறையிலிருந்து உறுப்பைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தர ஒருவர். பாடம் தமிழில் இருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் தமிழில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். பெண்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். சுடுகிறவர் ஆணாக இருக்கலாம், கறியைச் சமைத்துப் பிள்ளைகளுக்குப் போடுகிறவள் பெண். சமையல் பகுதியை நான் நடத்தித் தருகிறேன், கூலி வேண்டாம், மசாலாவும் என் செலவு. கூறு போடத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருவர் மூவர் தோட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களையும் அழைத்து வருவேன்.

தீபாவளிக்கு முன்னால், மழை பிடிப்பதற்குள், முதல் வகுப்பை வைக்க முடியுமா என்று தெரிவியுங்கள். நாளைக் குறித்துச் சொன்னால் எந்தெந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் வருவார்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். முடியாது என்றாலும் காரணத்தை எழுத்தில் தாருங்கள், நாங்கள் சரிசெய்யக்கூடியது எதுவோ அதைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வந்து கேட்கிறோம்.

இப்படிக்கு,
பகாவ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் சார்பில்,
ஒரு சமையல்காரம்மா